ஐம்பது நிமிடமும் அரைப் பக்கமும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் என் விடுதி அறைக்கு வந்தபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன். "கதையா?" என்றார். "இல்லை, குறிப்பு" என்றேன். "அப்படியானால் அதையே கொடும்" என்றார். அதைக் கொடுக்க முடியாது. அது பிறர் மனம். அதை எழுதக் கற்ற கதையை வேண்டுமானால் கொடுக்கலாம்.

திருச்சியிலிருந்து தில்லிக்கு வந்து ஈராண்டு ஆகிறது. உளவியல் முதுகலை படிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், ஆசிரியையின் மேற்பார்வையில் பயிற்சி. அங்கே நாங்கள் பழகுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஆரன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1960-களில் வகுத்த முறை. சோர்வுற்றவர் மனத்தில் தாமாக எழும் எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி, அவை உண்மைதாமா என்று அவரையே ஆராயச் செய்வது அதன் உயிர்நாடி. ஐம்பது நிமிடம் பேசுவோம். பிறகு முன்னேற்றக் குறிப்பு எழுத வேண்டும்: அன்றைய மனநிலை, சென்ற வார வீட்டுப்பாடம், கையாண்ட உத்தி, அதனால் கண்ட மாற்றம், அடுத்த வாரத் திட்டம். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவு உண்டா என்று கேட்டதையும் எழுத வேண்டும்; விடை "இல்லை" என்றாலும் எழுத வேண்டும். எழுதாதது கேட்காததற்குச் சமம்.

என் முதற் குறிப்பு நான்கு பக்கம்! ஆசிரியை பொறுமையாகப் படித்தார். "நாளை உமக்குக் காய்ச்சல் வந்து வேறொருவர் இங்கே உட்கார்ந்தால், இரண்டு நிமிடத்தில் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்?" என்று கேட்டார். ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டார். வந்தவருடைய மருமகளின் தங்கை கல்யாணப் பேச்சு வரை எழுதிவைத்திருந்தேன். அந்தத் தங்கை நம்மிடம் வந்தவளல்லள். அவள் செய்தி நம் கோப்பில் ஏன்?

லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின் பரவிய பதிவு முறை ஒன்றுண்டு. அவர் சொன்னது, நாம் கண்டது, நாம் கருதுவது, இனிச் செய்வது என்று நான்கு பகுதி. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சோப்' என்றாகும். அந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அரைப் பக்கத்திற்கு வந்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுருக்கமாக எழுதுகிறவன் தெளிவாகக் காண்கிறவன் என்றே நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே வீட்டு வேலை செய்பவர். தமிழ் பேசுபவன் என்பதால் என்னிடம் அனுப்பினார்கள். "என்னால யாருக்கும் பிரயோசனம் இல்ல தம்பி" என்பது அவரை அரித்த எண்ணம். அதை நூற்றுக்கு எத்தனை பங்கு நம்புகிறார் என்று கேட்டேன். "முக்காலே மூணு வீசம்" என்றார். வீசம் பதினாறில் ஒன்று. முக்காலோடு மூன்று வீசம் சேர்ந்தால் பதினைந்து வீசம். கணக்கிட்டு, 94 என்று எழுதினேன். அறிவியல் மாணவன் அல்லவா!

எண்ணப் பதிவேட்டுத் தாளைக் கொடுத்து, நடந்தது, தோன்றிய எண்ணம், அதற்கு மாற்று என்று வரிசையாக எழுதிவரச் சொன்னேன். இரண்டு வாரமும் தாள் வெறுமையாகவே வந்தது. ஏதாவது படிக்கக் கொடுத்தால், "கண்ணாடிய மறந்துட்டேன், நீங்களே படிங்க" என்பார். படித்தேன். இரண்டாம் வாரக் குறிப்பில், "வீட்டுப்பாடம் செய்யவில்லை, நான்-கம்ப்ளையன்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். ஒத்துழைக்காதவர் என்று பொருள். ஒரே சொல், எவ்வளவு சுருக்கம்!

மூன்றாம் வாரம் அவர் கோப்பைப் பார்த்து, "என்னப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க தம்பி?" என்றார். தம் மருத்துவப் பதிவைப் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அளித்திருக்கிறது. அதைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். கேள்வி நேரே வந்தபோது வியர்த்தது. ஆசிரியையிடம் கேட்டு வந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அந்தச் சொல் வந்ததும் நா எழவில்லை. மென்று விழுங்கி, "சொன்னதச் செய்யாதவங்கன்னு எழுதியிருக்கேன்மா" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்குக் கையெழுத்து மட்டும்தான் தம்பி போடத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

கோப்பின் முதற்பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு என்றிருந்தது. ஒப்புதல் தாளில் கையெழுத்து அழகாக இருந்தது. நான் அவ்விரண்டையும் நம்பினேன். எதிரே இருந்தவரைப் பார்க்கவில்லை. என்னால் பயனில்லை என்று வருந்தி வந்தவருக்கு, செய்ய முடியாத வேலையைக் கொடுத்து, அவர் எண்ணத்திற்கு நானே சான்று தேடிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு விடுதி உணவு இறங்கவில்லை.

எழுத்தில்லாத வீட்டுப்பாடத்தை அவரே கண்டுபிடித்தார். அந்த எண்ணம் தோன்றும்போதெல்லாம் ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு ராஜ்மாக் கொட்டையைப் போடுவது. அடுத்த வாரம் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். பதினொன்று. ஒவ்வொன்றும் எப்போது விழுந்தது என்று பிசகாமல் சொன்னார். நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டேன். சற்று யோசித்து, "முக்கால்" என்றார்.

பழைய குறிப்பைத் திருத்துவதற்கும் விதி இருக்கிறது. அடித்து மறைக்கக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. தவறு படிக்கும்படி இருக்க, அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் சரியான செய்தி, திருத்திய நாள், கையெழுத்து. ஆசிரியை அருகில் நிற்க, அப்படியே செய்திருந்தேன். அதை அந்த அம்மாவிடம் காட்டினேன்.

"இது என்ன கோடு?"

"நான் தப்பா எழுதினதும்மா."

"அழிச்சுட வேண்டியதுதானே?"

"அழிக்கக் கூடாதாம்."

அவர் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் நேராப் போட்டிருக்கலாம் தம்பி" என்றார்.