உப்புக்காற்றில் ஒரு மேனிஃபோல்டு

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களில் நடக்கும் வாகனப் பழுதுநீக்கத்தை அறிய முனைபவர் முதலில் அங்குள்ள காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இது, ஆந்திரத்திலும் திருவள்ளூர் மாவட்டத்திலுமாகப் பரந்து, ஒரு மெல்லிய மணல்திட்டால் மட்டுமே வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதால், இரு பக்கத்து நீரின் உப்பும் காற்றில் ஏறிக் கரையிலுள்ள எல்லா இரும்பின்மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்புத்துகள் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும் என்பதாலும், கடலோர இரவுகளில் அந்த அளவு எளிதில் எட்டப்படுவதாலும், மழையே பெய்யாத நாளிலும் இங்கு நிறுத்திவைக்கப்பட்ட வண்டியின் நட்டும் போல்ட்டும் விடியும்வரை உப்புநீரில் ஊறிக் கிடப்பதாகவே கொள்ளலாம். காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் சாலையில் கருங்காலி அருகே கடல்நீரும் மணலும் அவ்வப்போது ஏறிவிடுவது இதற்கு மேல்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டதிலிருந்து, வலை பின்னுவோரையும் படகு செப்பனிடுவோரையும் போலவே எஞ்சின் மெக்கானிக்கும் குப்பத்துக்கு இன்றியமையாதவர் ஆனார். படகின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில் பயின்ற அதே கைகள்தாம் மீன்பெட்டி ஏற்றும் வேனையும் ஆட்டோவையும், எப்போதாவது வந்து நிற்கும் பழைய காரையும் தொடுகின்றன. இவற்றுள் படகுக்கே முதலிடம். ஏரியில் இன்னாருக்கு இந்த இடம், இந்த நாள் என்று சீட்டுப்போட்டுப் பகிரும் ‘பாடு’ முறை வழங்கும் ஊரில், முறை வந்த நாளில் கரையில் நிற்கும் படகுக்கு நட்டஈடு தருவார் யாருமில்லை. கார் காத்திருக்கும்.

களப்பார்வையின்போது அவ்வாறு காத்திருந்த வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பொருத்திய ஓர் அம்பாசிடர். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நிறுத்தப்பட்ட இந்தக் காரின் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பழைய வடிவமைப்பு. சிலிண்டர்களில் எரிந்த புகையை ஒன்றுசேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயே மேனிஃபோல்டு எனப்படுவது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் திருகி நிறுத்தப்பட்ட தலையில்லா மரைக்கம்பிகளான ஸ்டட்டுகள் அதைத் தாங்க, இரண்டுக்கும் இடையே புகை கசியாதிருக்க வைக்கப்படும் தகட்டைப் பட்டறைகள் ‘பேக்கிங்’ என்றே வழங்குகின்றன. நான்கு சிலிண்டர் இருந்தும் இந்த எஞ்சினில் புகை வெளியேறும் வாய்கள் மூன்றுதான். முதலாவதுக்கும் நான்காவதுக்கும் தனித்தனி வாய் இருக்க, இரண்டாவதும் மூன்றாவதும் நடுவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. பழுதைக் கண்டறிவதில் இந்தச் சிக்கனம் பின்னர் உதவியது.

மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இணைப்பு ஏன் கெடுகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நீள்வது. எனவே 40 செ.மீ. நீள மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீள, நீரால் குளிர்விக்கப்படும் ஹெட்டோ அதில் சிறு பகுதியளவே நீள்கிறது. இரண்டும் ஒவ்வொரு பயணத்திலும் பேக்கிங்கை நடுவில் வைத்துத் தேய்த்துக்கொள்கின்றன.

காரை ஓட்டிவந்தவர் சொன்ன குறை, ‘டாப்பெட் அடிக்குது’ என்பதாகும். வால்வைத் திறக்கும் உறுப்பின் இடைவெளி கூடும்போது எழும் தட்டல் ஒலியும், மேனிஃபோல்டுக் கசிவின் ‘டிக், டிக்’ ஒலியும் பழகாத காதுக்கு ஒன்றே. தேவையில்லாமல் டாப்பெட்டைத் திருகி, நன்றாயிருந்ததையும் கெடுத்த வண்டிகள் எல்லா ஊரிலும் உண்டு. இங்குள்ள மெக்கானிக் வண்டியை முதல்நாள் மாலையே நிறுத்தச் செய்து, மறுநாள் காலை எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கையில்தான் கிளப்பினார். கசிவாயின் ஒலி குளிரில் உரத்து, இரும்பு சூடேறி விரிந்து இடைவெளியை அடைக்க அடைக்கத் தேயும். ஆக்சிலேட்டரை மிதித்துச் சுமை கூட்டினால் மீண்டும் உரக்கும். டாப்பெட் ஒலி சுமையைப் பொருட்படுத்துவதில்லை. உடனிருந்த இளைஞர் நனைத்த சாக்குத்துணியால் சைலன்சர் வாயை நொடிப்பொழுது அடைக்க, வெளியேற வழியின்றிப் புகை உள்ளழுத்தம் பெற்றுக் கசியும் இடத்தில் சீறியது. அதற்கடுத்து உறையிட்ட குறட்டால் ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியபோது, முதலாவதிலும் நான்காவதிலும் ஒலி மாறவில்லை. “ரெண்டுலயும் பாதி அடங்குது, மூணுலயும் பாதி அடங்குதுணா” என்று இளைஞர் சொன்ன கணத்தில் இடம் தெரிந்துவிட்டது. இரண்டு சிலிண்டரும் சேரும் நடுவாய். பேட்டரி விளக்கில் பார்க்கையில் அந்த வாயின் ஓரத்தில் விசிறிபோல் கரி படிந்திருந்தது. குறட்டையும் விளக்கையும் தவிரக் கருவி என்று சொல்லத்தக்க எதுவும் இந்தச் சோதனையில் பயன்படவில்லை என்பதும், கணினி வைத்துச் சோதிக்கும் பட்டறைகளில் இதே முடிவுக்கு இதைவிட விரைவாக வந்திருப்பார்களா என்பது ஐயத்திற்குரியது என்பதும் குறிக்கத்தக்கன.

கசிவைக் கண்டது அரைமணி வேலை. கழற்றியது ஒரு பகல். ஸ்டட்டுகளில் இருந்திருக்க வேண்டியவை பித்தளை நட்டுகள். பித்தளை துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டுவதில்லை. மிஞ்சிப்போனால் தன் மரையை இழந்து ஸ்டட்டைக் காக்கும். முன்பு எவரோ சில ரூபாய் மிச்சம்பிடித்து இரும்பு நட்டுகளைப் போட்டிருந்தார். துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைப்பதால் நட்டு ஸ்டட்டை நெரித்துப் பிடித்துக்கொள்கிறது; அந்நிலையில் நீண்ட பிடியுள்ள ஸ்பானரால் இழுத்தால் நட்டு சுழலாமல் ஸ்டட்டே முறியும். ஆகவே நட்டை மட்டும் கேஸ் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சிவப்பு அடங்கியதும் மெழுகுவர்த்தியை மரையின் வாயில் தொட்டுப் பிடிக்க, உருகிய மெழுகு எண்ணெய் நுழையத் தயங்கும் இடுக்கிலும் தானே ஊர்ந்து இறங்கியது. பிறகு ஸ்பானரை ஒரே பக்கம் வலிக்காமல், கால் சுற்றுக் கழற்றி அதில் பாதியைத் திரும்ப இறுக்கி, வெளிவந்த துருத்தூளைத் தட்டி, மீண்டும் கழற்றினார். இந்த முன்பின் அசைவில்தான் தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

அப்படியும் நடுவாயை அடுத்த ஸ்டட் ஒன்று ஹெட்டின் முகத்தோடு முறிந்தது. முறிந்த முனைமீது பெரிய நட்டொன்றை வைத்து அதன் குழியை வெல்டிங்கால் நிரப்ப, வெல்டிங்கின் சூடே உள்ளிருந்த துருவின் பிடியைத் தளர்த்தியது. ஆறவிட்டுத் திருப்பியபோது எச்சம் முழுதாய் வந்தது. வராதிருந்தால் துளையிட்டு, புதிய மரை வெட்டி, ஒரு சுற்றுப் பெரிய ஸ்டட்டைச் செருக வேண்டியிருந்திருக்கும். ஹெட் வார்ப்பிரும்பாக இருப்பது இங்கே பெரும் ஆறுதல். அலுமினிய ஹெட்டாயின் அந்தச் சூட்டில் இவ்வளவு துணிச்சல் கூடாது.

கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, தகட்டின் கனத்தால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகினர். கால் மில்லிமீட்டருக்கு மேல் வளைவிருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் செதுக்க வேண்டும். இது அதற்குள் அடங்கியது. பழைய பேக்கிங்கைச் சுரண்டும் விதத்தில் மட்டும் கண்டிக்கத்தக்க ஒன்று உண்டு. பழைய வகைப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் இழைத்தூசு நுரையீரல் புற்றுக்குக் காரணமென்பது நிறுவப்பட்ட உண்மை. அதை உலர்வாகச் சுரண்டி வாயால் ஊதுவது இத்தொழிலில் பரவிய வழக்கம். தண்ணீரில் நனைத்துச் சுரண்டினால் தூசு எழாது. அதற்குச் செலவும் இல்லை.

கசிவை ஒலித்தொல்லையாக மட்டும் கருதிவிடவும் கூடாது. பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டுவது, அதற்கு மணமில்லை. திறந்த படகில் காற்று அடித்துச் சென்றுவிடும் அதே புகை, கண்ணாடி ஏற்றிய காரில் தங்கிவிடுகிறது.

புதிய பேக்கிங்கும் பித்தளை நட்டுகளும் இட்டு, நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களை நோக்கி, ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று தவணையாக இறுக்கினர். பேக்கிங் சூடேறி அமர்ந்த பிறகு பிடி சற்றுத் தளரும் என்பதால், சில நாள் ஓட்டிவிட்டு ஆறிய எஞ்சினோடு மீண்டும் வரவேண்டும் என்று சொல்லி வண்டியை அனுப்பினர். மூன்றாம் நாள் கார் வந்தபோது ஓரத்து நட்டுகள் கால் சுற்று வரை இறங்கின. நடுவில் இருந்தவை அசையவில்லை.