சுற்றுப்படமும் பொதுச்சொத்தே

மின்கிற்றாரின் ஒலியை முரடாக்கும் ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் மிதிபெட்டி 1966ஆம் ஆண்டு லண்டனிலே விற்பனைக்கு வந்தது. ஜிமி ஹென்றிக்ஸின் காலடியில் அது உலகப்புகழ் பெற்றது. அதன் பழைய சுற்றுப்படங்களை ஆர்வலர்கள் கணினியில் ஏற்றி, எவரும் இலவசமாகப் பெறுமாறு பகிர்ந்துள்ளனர். அண்மையில் நாம் அவற்றைப் பார்வையிட்டோம்.

இரண்டு திரான்சிஸ்டர்கள், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், இரண்டு குமிழ்கள்; அவ்வளவே! ஒரு படத்தில் 470 ஓம் எனக் காணும் தடையி மற்றொன்றில் 330 ஓம். பாடபேதம் ஆராயப் பயின்ற எமக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கிற்று. கடதாசி மங்குமுன் பிரதிசெய்து, ஒப்புநோக்கிக் காப்பதும் பதிப்புப்பணியே.

“கண்டுபிடித்தவனின் உழைப்புக்கு மதிப்பில்லையா?” எனச் சிலர் கேட்பர். உண்டு, அதற்கெனவே காப்புரிமை உளது. ஆனால் அச்சட்டமே சுற்றை வெளிப்படுத்துமாறு பணிக்கிறது. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ பெட்டியின் சுற்று 1965இல் காப்புரிமை ஏட்டிலே அச்சாயிற்று. தவணை முடிந்தபின் அது அனைவரதும் உடைமை.

சுற்றின்மேற் பிசினை ஊற்றி மறைத்து விற்றோரும் உளர். அப்பிசினைச் சுரண்டிப் படம் வரைந்தளித்தோரும் உளர். பழம்பெட்டிக்குப் பெருவிலை கொடுக்க இயலாத தொழிலாளி வீட்டு இளைஞன், சில உதிரிப்பாகங்களைக் கொண்டு அவ்வொலியைத் தானே ஆக்க வல்லவன். படம் பொதுவாய் இருந்தாலன்றி அது அவனுக்கு எட்டாது.