நெருஞ்சி

சேத்தியாத்தோப்பிலிருந்து, பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் நோக்கிச் செல்கையில் பாசன வயல்கள் பின்தங்கி, வானம் பார்த்த செம்மண் கொல்லைகள் தொடங்கும். அக்கொல்லைகளில் விதைக்காமலே விளைவது நெருஞ்சி. ஓராண்டுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து மடியும் சிறுசெடி அது. தரையோடு தரையாகப் படர்ந்து, ஐந்து மஞ்சள் இதழ்களைக் காலையில் விரிக்கும். அழகில் அது எப்பூவுக்கும் இளைத்ததன்று என்பேன். ஆயினும் அதனைத் தலையில் சூடியவர் எவரையும் நான் கண்டதில்லை.

காரணம் காயில் இருக்கிறது. முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிளவுறும். ஒவ்வொன்றிலும் கூர்முட்கள் வெவ்வேறு திசை நோக்கி நிற்பதால், எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளேனும் மேல்நோக்கியிருக்கும். துண்டினுள் இருக்கும் விதைகள் அனைத்தும் ஒரே மழையை நம்பி முளைப்பதில்லை. பெரியது முதலில் முளைக்க, ஏனையவை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மழை பொய்க்கும் நிலத்தில் கற்ற கணக்கு அது.

குறுந்தொகையின் 202ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி, முன்பு இனியவனாயிருந்து பின்பு துன்பம் தரும் தலைவனுக்கு இச்செடியை உவமையாக்குகிறாள். முதலில் பூவைத் தந்து, பின்னர் முள்ளைத் தருவதல்லவா அது? செடியின் பருவங்களை அருகிருந்து பார்த்தவரே இவ்வாறு சொல்லக்கூடும். எனினும் செடியின் பக்கம் நின்று ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. காற்றில் பறக்க அதன் விதைக்குச் சிறகில்லை. பறவையை அழைக்கக் கனிச்சதையும் இல்லை. முள்ளே அதன் கால். ஆட்டின் குளம்பிலும் மனிதரின் பாதத்திலும் ஏறியே அது ஊர்விட்டு ஊர் செல்கிறது. அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களுக்கும் சென்று மிதிவண்டிச் சக்கரங்களைத் துளைத்தது. அதனை அடக்க 1961இல் அங்கே ஒருவகைக் கூன்வண்டுகளையே இறக்குமதி செய்ய நேர்ந்தது.

இதையெல்லாம் என் தாயாரிடம் ஒருமுறை வியந்து கூறினேன். வேர்க்கடலைக் கொல்லையில் நாள் முழுதும் வெறுங்காலுடன் களையெடுத்தவர் அவர்.

“அது ஊருக்குப் போவணும்னா என் காலுதான் கெடச்சுதா?” என்றார்.

விடை சொல்ல இயலவில்லை. செருப்பணிந்து வரப்பில் நின்றுகொண்டிருந்தவன் நான்.

பூ விரிந்த செடியை அவர் விட்டுவைத்ததில்லை. காய் பிடிக்குமுன் வேரோடு பிடுங்கிவிடுவார். பிடுங்கியதை வரப்பில் எறியாமல் கூடையில் சேர்ப்பார். அவற்றுள் சிலவற்றை நிழலில் உலர்த்தி, கட்டாகக் கட்டி இறவாணத்தில் செருகி வைப்பார். கோடையில் எங்கள் தெருவில் எவருக்கேனும் நீர்க்கடுப்பு வந்தால், கஷாயம் வைக்க அக்கட்டைக் கேட்டுத்தான் வருவார்கள்.