வண்டித் திருட்டு கேஸ்: நான் பார்த்த தீர்ப்பு

2019-ல பம்ப்செட்டுப் பக்கம் நிறுத்தின என் எக்செல் வண்டி திருட்டுப் போச்சு. ரெண்டு மாசத்துல ஆளையும் வண்டியையும் போலீஸ் பிடிச்சாங்க. ஆனா வண்டி ஸ்டேஷன் வளாகத்துலயே வெயில்லயும் மழையிலயும் கிடந்தது. வக்கீல்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ம் பிரிவுல மனு போட்டு எடுத்துக் கொடுத்தார். கேஸ் முடியற வரைக்கும் விக்கக் கூடாது, கலர் மாத்தக் கூடாதுன்னு பாண்டு எழுதி வாங்கினாங்க.

திருட்டுக்கு அப்போ 379-ம் பிரிவு, அதிகபட்சம் மூணு வருஷம். ரெண்டு வருஷமாவது போடுவாங்கன்னு கோபத்தோட கோர்ட்டுக்குப் போனேன். இருபது வயசுப் பையன், முதல் கேஸ். குத்தத்தை ஒத்துக்கிட்டான். தீர்ப்பு மூணு மாசம். ஜாமீன் எடுக்க ஆளில்லாம அதுக்கு மேலயே ஜெயில்ல இருந்துட்டான். அந்த நாளைக் கழிச்சு அன்னைக்கே விட்டுட்டாங்க.

"இவ்வளவுதானா சார்?"னு கேட்டேன்.

"வசதி இருந்தா பத்து நாள்ல வெளிய வந்திருப்பான் அண்ணே. தீர்ப்புக்கு முன்னாடியே தண்டனையை அனுபவிச்சுட்டான்"னார் வக்கீல்.

கோர்ட்டு வாசல்ல அவங்கம்மா சோத்துத் தூக்குவாளியோட உட்கார்ந்திருந்தாங்க. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரல.

2024 ஜூலை 1-லேர்ந்து புதுச் சட்டம், 303(2)-ம் பிரிவு. முதல் தடவைக்கு அதே மூணு வருஷம் வரைக்கும்தான். மறுபடி தண்டனை வாங்கினா ஒரு வருஷத்துக்குக் குறையாம அஞ்சு வருஷம் வரை கடுங்காவல். அந்தப் பையன் மறுபடி அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னுதான் இப்போ நினைக்கிறேன்.

நீங்களும் ஆர்.சி. ஜெராக்ஸை வீட்டுல பத்திரமா வைங்க. வண்டி கிடைச்சா உடனே மனு போடுங்க.