மில் சுவரோரத்து இட்லிக் கடை

வெளியூர் உறவுக்காரர்கள் வந்து காலைப் பலகாரத்துக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸைக் கைகாட்டுவோம். இல்லையென்றால் கடற்கரைப் பக்கம். முதலியார்பேட்டை மில்லுக்குப் பின்னால் இருக்கும் சந்து யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரு பக்கம் உயரமான சுவர், மறு பக்கம் பூட்டிக் கிடக்கும் பட்டறை, முள்செடி. நடுவே சாய்ப்பு இறக்கிய ஓர் இட்லிக் கடை. பெயர்ப்பலகை இல்லை. இரண்டு பெஞ்சு.

நம் வயதுக்காரர்களுக்கு அந்த மில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1898-இல் தொடங்கிய ரோடியர் மில்தான் பிற்காலத்து ஏ.எஃப்.டி. எட்டு மணி நேர வேலை கேட்ட நம்மூர் மில் தொழிலாளிகள் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எட்டு மணி நேரம் வந்தது, ஷிப்டு வந்தது. ஷிப்டை நம்பித்தான் இந்தக் கடையும் வந்தது. விடியற்காலைச் சங்குக்கு முன்னால் முதல் ஈடு இட்லி இறங்கிவிடுமாம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு இந்தக் கடை பழக்கம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். பாடப்புத்தகத்தில் காலை உணவு என்றால் ரொட்டி, வெண்ணெய், பால் கலந்த காப்பி. வீட்டில் பழைய சோறும் முந்தின நாள் மீன் குழம்பும். அந்தக் குழம்பின் ருசியை இந்த அம்மா கையில்தான் மறுபடி கண்டேன். கல்லில் இட்லியை ஊற்றிய மாதிரி ஒரு தோசை, கனமாக, ஓரம் மட்டும் முறுகலாக. அதன்மேல் நேற்று வைத்த சங்கரா மீன் குழம்பு. வடகறியும் உண்டு, ஆனால் அதற்காக நான் சந்துக்குள் நுழைய மாட்டேன்.

தானே புயலில் அடிபட்ட மில்லை 2020-இல் அடியோடு மூடிவிட்டார்கள். கடையையும் மூடியிருக்க வேண்டும்தானே? கேட்டேன்.

"எங்க போறதுண்ணே? இவங்க காலையில இங்கதான வராங்க" என்றார்.

இவங்க என்றால் பெஞ்சில் இருப்பவர்கள். தறிக்காரர், சாயப் பட்டறைக்காரர், நூல் பிரிவுக்காரர். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஷிப்டுக்குப் போகிற நேரத்துக்கே வருகிறார்கள்.

ஒருநாள் கணக்கு நோட்டைப் பார்க்கக் கொடுத்தார். குமாஸ்தா என்பதால் கேட்டு வாங்கினேன் என்றும் சொல்லலாம். பெயரே இல்லை. "தறி உயரம்", "சாயம் சின்னவர்", "நூல் கண்ணாடி" என்று எழுதி, எதிரே தொகை. சம்பள நாளில் அடித்துவிடுவாராம். கடைசிப் பக்கங்களில் ஒன்றும் அடிபடவில்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பாக்கியைத் தள்ளுபடி செய்ய மூன்று மேசை சுற்ற வேண்டும். இவர் புது நோட்டு வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

"சாயம் சின்னவர்" பாக்கிக்கு வெட்கப்பட்டுச் சில மாதம் வராமல் இருந்தாராம். பேரன் கையில் பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறார் இந்த அம்மா. "கணக்குக் கேக்கல, இட்லி ஆறுதுன்னு சொல்லு" என்று. மறுநாள் வந்துவிட்டார். இப்போது அவர்தான் தண்ணீர்க் குடம் தூக்கி வைக்கிறார்.

மகள் வில்லியனூருக்குக் கூப்பிடுகிறாளாம். முட்டிவலி வேறு. தைப் பொங்கல் வரை பார்க்கிறேன் என்கிறார். போக நினைப்பவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அமாவாசையன்று மீன் குழம்பு கிடையாது.