கருவியும் கரமும்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரி எடுக்கும் பெருஞ்சக்கர இயந்திரங்களைக் கண்டவர்கள் அவற்றின் பேருருவை எளிதில் மறப்பதில்லை. மாடி வீடுகளினும் உயர்ந்த அந்த இயந்திரத்தை ஆளும் மனிதரோ, அதன் ஒரு மூலையில் உள்ள சிற்றறையில் அமர்ந்திருப்பார். 1956-ஆம் ஆண்டு நெய்வேலி நிறுவனம் தோன்றியது முதலாக, எங்கள் குள்ளஞ்சாவடிப் பகுதி மக்கள் ஓர் உண்மையை நன்கு அறிவர். பயிற்சி பெறாதவரை எவரும் அந்த இருக்கையில் அமர்த்துவதில்லை. புதிய இயந்திரம் வந்தால், பழகிய கையும் புதிதாகப் பழகியே ஆக வேண்டும். மண்ணைத் தோண்டுவதற்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனில், இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்ட மனித உடலைத் தொடுகின்ற கைகளுக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்!

மருத்துவம் என்றதும் மருத்துவரும் செவிலியரும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் செயலிழந்த கைகால்களுக்குப் பயிற்சி தரும் இயன்முறை சிகிச்சையாளர், பேச்சு இழந்தவரைப் பேசப் பழக்குபவர், இரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடப் பணியாளர், எக்ஸ்ரே எடுப்பவர், செயற்கைக் கால் செய்து தருபவர் ஆகியோரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, ஆண்டவரின் முன் இறக்குகின்றனர். அந்த நால்வரின் பெயரை நற்செய்தி கூறவில்லை. இன்றைய மருத்துவத்தில் அந்த நால்வரின் இடத்தில் இருப்பவர்கள் இவர்களே.

இதனை நான் நூல்களில் கற்கவில்லை. என் இல்லத்திலேயே கற்றேன். முந்திரித் தோப்பில் உழைத்தே முதுமை எய்திய என் தந்தையார் 2022-ஆம் ஆண்டு பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தார். மருத்துவமனையிலிருந்து இல்லம் திரும்பிய பின், வாரம் ஒருமுறை கைப்பேசித் திரையின் வழியே அவருக்குப் பயிற்சி அளித்தார்கள். கையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார். புன்னகைக்கச் சொன்னார்கள், புன்னகைத்தார். எல்லாம் நலமாகவே தோன்றியது.

பின்னர் ஒருநாள் இயன்முறை சிகிச்சை அளிக்கும் இளம்பெண் ஒருவர் நேரில் வந்தார். தந்தையார் தண்ணீர் பருகியதும், "ஐயா, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். தந்தையார் சொன்னார். தொண்டையில் நீர் தேங்கியது போல் அக்குரல் களகளத்தது. உணவுக்குழலில் இறங்க வேண்டிய நீரில் ஒரு பகுதி மூச்சுக்குழலில் இறங்குகிறது என்று அவர் ஐயுற்றார். கவனியாது விட்டால் நிமோனியா கண்டு உயிருக்கே தீங்கு நேரலாம் என்று எங்களை எச்சரித்தார். உடனே கைப்பேசியில், விழுங்கும் பயிற்சி அளிக்கும் வல்லுநர் ஒருவரைத் தொலைவூரிலிருந்து திரையில் வரவழைத்தார். அவர் அங்கிருந்து பார்த்து வினவ, இவர் தந்தையாரின் தொண்டையில் விரல்களை வைத்துத் தொட்டறிந்து விடையளித்தார். நிமிர்ந்து அமர்ந்தே உண்ண வேண்டும், நீர்த்த கஞ்சிக்குப் பதில் கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியால் தர வேண்டும், உண்ட பின் அரைமணி நேரம் படுக்கலாகாது என்று இருவரும் வகுத்துத் தந்தனர். சில மாதங்களில் என் தந்தையார் குடும்ப செபமாலையில் தெளிவான குரலில் பதில் செபம் சொன்னார்.

"இதை எங்கே கற்றீர்கள், அம்மா?" என்று வினவினேன். முந்தைய ஆண்டு, விடுப்பு எடுத்து, சொந்தப் பணம் செலுத்திச் சென்ற இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் என்றார். அந்த இரண்டு நாள்கள் என் தந்தையாரின் உயிரைக் காத்தன என்றே நான் நம்புகிறேன். திரை இல்லையேல் வல்லுநர் எங்கள் சிற்றூருக்கு வந்திரார். பயின்ற கை இல்லையேல் திரை குறையைக் கண்டிராது.

கற்றவரும் மீண்டும் கற்க வேண்டும் என்பதற்கு வேலூர் ஓர் அரிய சான்று. அங்கே மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு ஒரு விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் என்னும் புதிய துறையைப் பயின்று திரும்பினார். அவர் உழைப்பால் 1966-ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. மருத்துவருக்கே மறுகல்வி வேண்டுமெனில் மற்றவர்க்கு வேண்டாமா?

நல்ல அறிகுறிகள் தோன்றியுள்ளன. 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இத்தகைய ஐம்பதுக்கும் மேற்பட்ட பணிகளுக்குப் பதிவேட்டையும் கல்வித் தரத்தையும் வகுத்தது. பட்டயமோ பட்டமோ, குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும், இயன்முறை சிகிச்சை போன்ற பணிகளுக்கு 3,600 மணி நேரம் வேண்டும் என்றும் விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை சிகிச்சையாளரை நோயாளியின் இல்லத்திற்கே அனுப்பியது. ஆயினும் சட்டம் வாயிலைத்தான் காக்க இயலும். அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் பணியாற்றுபவரின் அறிவு துருப்பிடியாமல் காப்பது, அவரை அமர்த்துவோரின் கடமையும் சமுதாயத்தின் கடமையும் அன்றோ?

ஆகவே குடும்பத் தலைவர்களே, தலைவியரே, உங்கள் இல்லம் தேடி வரும் அப்பணியாளரை வேலையாள் போல் வாயிலில் நிறுத்தாதீர்கள். அமரச் செய்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். பயிற்சி வகுப்புக்காக அவர் ஒருநாள் வாராது போனால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கற்று வருவது உங்கள் நோயாளிக்காகவே. மருத்துவமனைகளை நடத்துவோர் புதிய கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் அதனை இயக்குவோரின் கல்விக்கு ஒதுக்கட்டும். உங்கள் மகனோ மகளோ இப்பணிகளில் ஒன்றைக் கற்க விரும்பினால், மருத்துவராக இயலவில்லையே என்று வருந்தாமல், ஆசி கூறி அனுப்புங்கள்.