வாடகை யார் கொடுத்தது?

பி.காம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரே ஒரு சாதனைக் கதையைக் கேட்டுக் கண் கலங்கிக்கொண்டிருக்கும். இவன் மட்டும் மனசுக்குள் வரவு, செலவு எழுதிக்கொண்டிருப்பான்.

டி.வி-யில் ஒரு நடிகர், 'பத்து வருஷம் போராடினேன். ஒருநாள் கதவு திறந்தது' என்பார். அரங்கமே கைதட்டும். எனக்கு மட்டும் எழுந்து நின்று, 'சரி ஸார், அந்தப் பத்து வருஷமும் வீட்டு வாடகை யார் கொடுத்தாங்க?' என்று கேட்கத் தோன்றும்.

அல்பத்தனமான கேள்விதான். ஆனால், இதைப் பிடித்துக்கொண்டே போனால் தமிழ் சினிமாவின் இன்னொரு வரலாறு கிடைக்கிறது.

போன மாதம் மந்தைவெளியிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

''டேய், உன் மாப்பிள்ளை வேலையை விடப் போறானாம். நடிக்கப் போறானாம். நீதான் சினிமாக்காரங்களோட எல்லாம் பேசுறவனாச்சே... வந்து நாலு வார்த்தை சொல்லு.''

'மாப்பிள்ளை' என்றால் என் அக்கா பையன். இருபத்துநாலு வயசு. அவனும் பி.காம்தான். பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு. போய் உட்கார்ந்தேன். பையன் தயாராக இருந்தான்.

''மாமா, விஜய் சேதுபதியும் பி.காம்தான்.''

எந்த வீட்டிலும் இப்போது இதுதான் முதல் அஸ்திரம். அதையே பிடித்துக்கொண்டேன். ''சரிடா, அவர் கதையை முழுசாச் சொல்லு பார்ப்போம்'' என்றேன். 'கஷ்டப்பட்டார், ஜெயிச்சார்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டான்.

நடுவில் இருப்பது என்ன? துரைப்பாக்கம் தன்ராஜ் பெய்டு ஜெயின் கல்லூரியில் பி.காம். கடையில் விற்பனையாளர், கேஷியர், டெலிபோன் பூத் என்று சில்லறை வேலைகள். துபாயில் கணக்கர் உத்தியோகம். 2003-ல் ஊர் திரும்புகிறார். கூத்துப்பட்டறையில் சேருகிறார். எதற்கு? நடிக்க மட்டுமல்ல, கணக்கு எழுத! கணக்கு மேஜையில் உட்கார்ந்தபடி, எதிரே நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பிறகு கூட்டத்தில் ஒருவராக, ஹீரோவின் நண்பராகச் சின்னச் சின்ன வேஷங்கள். இயக்குநராகத் துடித்த இளைஞர்களின் குறும்படங்கள். கதாநாயகனாக 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்தது 2010-ல். 'பீட்சா' 2012-ல்.

''அவருக்கு உட்கார ஒரு மேஜை இருந்தது. மேஜைக்கு எதிரிலேயே பாடம் நடந்தது. உன் மேஜைக்கு எதிரே என்ன நடக்குதுடா?'' என்று கேட்டேன்.

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள். காபி வந்தது.

இனி என் வியாதிக்கு வருகிறேன். கலைஞன் கற்றுக்கொள்கிற காலத்துக்கு யாரோ ஒருவர் பில் கட்டியிருக்கிறார். காலத்துக்குக் காலம் கட்டுகிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

முதலில் கட்டியது பாய்ஸ் கம்பெனி. கூலி, சோறு. சின்னப் பையனை நாடகக் கம்பெனியில் விட்டுவிடுவார்கள். சாப்பாடு, படுக்க இடம், கூடவே அடி, உதை. பாட்டு, வசனம், ஆண் வேஷம், பெண் வேஷம் எல்லாம் கற்றாக வேண்டும். 'பராசக்தி'யை (1952) சிவாஜியின் முதல் படம் என்கிறோம். அதற்குப் பின்னால் பத்து வருஷத்துக்கும் மேற்பட்ட மேடை இருக்கிறது. சிவாஜி என்ற பேரே மேடை கொடுத்ததுதானே!

அடுத்து பில் கட்டியது யார் தெரியுமா? சர்க்கார். சொன்னால் சிரிப்பீர்கள். தமிழ் சினிமாவின் பெரிய தயாரிப்பாளர்களில் ஏ.ஜி. ஆபீஸுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

கே.பாலசந்தர் அங்கேதான் வேலை பார்த்தார். பகலில் அரசாங்கக் கணக்கு, சாயங்காலம் நாடகம். 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதக் கூப்பிட்டபோதும் அவர் அரசு ஊழியர்தான். நாகேஷ், ரயில்வே எழுத்தர். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக வந்து துடித்த துடிப்பைப் பார்த்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர் பாராட்டிய கதை ஊரறிந்தது. தி.நகர் கிளப் ஹவுஸில் நாகேஷும் வாலியும் நடிகர் ஸ்ரீகாந்த்தும் தங்கியிருந்த கதையும் அப்படித்தான். ஸ்ரீகாந்த் வேலை பார்த்தது அமெரிக்கத் தூதரகத்தில். பின்னால் வந்த கிரேஸி மோகன்கூட கிண்டியில் இன்ஜினீயரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் உத்தியோகம் பார்த்தவர்.

இவர்களுக்கெல்லாம் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தது. அது பெரிதல்ல. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபைலை மூடிவிட்டுக் கிளம்ப முடிந்தது பாருங்கள், அதுதான் பெரிது. கிளம்பிப் போனால் மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, தி.நகரில் வாணி மகால் என்று மேடைகள் தயாராக இருந்தன. மேடையைவிடப் பெரிய வாத்தியார் அங்கே வந்து உட்காரும் ஜனம். ஜோக் விழவில்லையா, முகத்துக்கு நேரே மௌனம். அடுத்த காட்சிக்குள் வசனத்தை வெட்டியாக வேண்டும். ஒரே நாடகத்தை நூறு தடவை போடும்போது, எந்த இடத்தில் அரை விநாடி தாமதித்தால் சிரிப்பு வரும் என்பது ரத்தத்தில் ஏறிவிடுகிறது. கண் தெரியாத மேஜர் வேஷத்தை மேடையில் போட்ட சுந்தரராஜனுக்குக் கடைசிவரை 'மேஜர்' பட்டம் ஒட்டிக்கொண்டதே, சும்மாவா?

இந்தச் சம்பளப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முக்கியமாகப் பெண்களுக்கு. மனோரமா எந்த ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போனார்? பள்ளத்தூரில் தொடங்கி நாடகக் குழுக்களில் வளர்ந்தவர். 'மாலையிட்ட மங்கை'யில் (1958) சினிமாவுக்கு வந்தார். அவருக்குப் பயிற்சியும் பிழைப்பும் ஒன்றே. மேடையில் நின்றால்தான் அடுப்பு எரியும். ஆச்சி ஆயிரம் படங்களைத் தாண்டியதற்கு அந்த அடுப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சிலருக்கு பில் கட்டியது சிநேகிதம். பெங்களூரு பஸ் கண்டக்டர் சிவாஜி ராவ் 1973-ல் சென்னையில் நடிப்பு படிக்க வந்தபோது, செலவுக்குக் கை கொடுத்தவர் அதே பஸ்ஸின் டிரைவர் ராஜ் பகதூர். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்'. அந்த டிரைவரின் சம்பளத்தில் நமக்கெல்லாம் ஒரு பங்கு போயிருக்கிறது.

சிலருக்குக் கட்டியது அவர்கள் குரலே. விக்ரமின் முதல் படம் 'என் காதல் கண்மணி' 1990-ல் வந்தது. 'சேது' 1999 டிசம்பரில். நடுவில் ஒன்பது வருஷம். 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும், 'காதல் தேச'த்தில் அப்பாஸுக்கும் குரல் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் தோல்வி. டப்பிங் தியேட்டருக்குள் போய்ப் பாருங்கள். இன்னொருவர் முகத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அந்த உதட்டுக்கும் மூச்சுக்கும் உன் குரலைப் பொருத்த வேண்டும். நடிப்பை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் படிக்க எந்தக் கல்லூரியில் வகுப்பு இருக்கிறது? அதற்குக் காசும் கொடுக்கிறார்கள்!

இயக்குநராக வேண்டியவர்களுக்கு வேறு கணக்கு. குருவிடம் அசிஸ்டென்ட். சம்பளம் என்று பெரிதாக இருக்காது. பேட்டா வந்தால் அதிர்ஷ்டம். ஆனால், பார்த்துக்கொண்டே இருக்கலாம். புட்டண்ணா கனகலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பாண்டியராஜன், பார்த்திபன் என்று கைமாறி வந்த வித்தை அது. பாலுமகேந்திராவிடம் பாலா, பாலாவிடம் அமீர், சசிகுமார் என்று இன்னொரு கிளை. ஒவ்வொருவர் படமும் ஒவ்வொரு மாதிரி. ஆனாலும், யாரிடம் வேலை கற்றார் என்று ஃப்ரேமைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ரசிகர்கள் உண்டு.

1977-ல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை இதிலெல்லாம் சேராத தனி முயற்சி. சபா நாடகம் காதுக்குப் பாடம் சொன்னது. முத்துசாமி தெருக்கூத்தைப் பார்த்துவிட்டு, நடிகனுக்கு உடம்பும் வேண்டும் என்றார். வருஷக்கணக்கில் பயிற்சி. சினிமா வாய்ப்பு வாங்கித் தருகிற இடமல்ல அது. ஆனால், அங்கேதான் பசுபதி வந்தார், கலைராணி வந்தார், குரு சோமசுந்தரம் வந்தார். 'விருமாண்டி'யிலும் (2004) 'சார்பட்டா பரம்பரை'யிலும் (2021) பசுபதி சும்மா நிற்கிற காட்சிகளைப் பாருங்கள். நிற்பதற்கே எத்தனை வருஷம் படித்திருக்கிறார் என்று தெரியும். 2018-ல் முத்துசாமி காலமானார். அவர் பேர் தெரியாதவர்கள்கூட அவர் பட்டறையில் வார்த்த நடிகர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக பில் கட்ட வந்தது சாஃப்ட்வேர் கம்பெனி. கார்த்திக் சுப்பராஜ் சாஃப்ட்வேர் இன்ஜினீயராக இருந்தவர். கலைஞர் டி.வி-யின் 'நாளைய இயக்குநர்' மேடையில் குறும்படம் எடுத்துக் காட்டி, யாரிடமும் அசிஸ்டென்ட்டாக வருஷக்கணக்கில் நிற்காமல் 'பீட்சா' எடுத்தார். ஒரு தலைமுறைக்கே தைரியம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். ஏ.ஜி. ஆபீஸ் ஐந்து மணிக்கு ஆளை விட்டது. இன்றைய கம்பெனி ராத்திரி பத்து மணிக்கும் போனில் கூப்பிடுகிறது. சம்பளம் கூடியிருக்கிறது, சாயங்காலம் காணாமல் போய்விட்டது. இளைஞர்கள் வேலையை விடுவதாகச் சொல்வது பாதி சினிமா ஆசை, பாதி அந்தத் தொலைந்துபோன சாயங்காலத்தைத் தேடித்தானோ என்று எனக்கு சந்தேகம்.

அதனால்தான் மாப்பிள்ளையிடம், 'விடாதே' என்றும் சொல்லவில்லை, 'விடு' என்றும் சொல்லவில்லை. மூன்றே கேள்விகள் கேட்டேன். வாடகை யார் கொடுப்பார்கள்? தினமும் எங்கே பயிற்சி செய்வாய்? நீ மோசமாக நடித்தால், அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல யார் இருக்கிறார்கள்?

மூன்றுக்கும் பதில் இருந்தால், அது முயற்சி. முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தால், அது அப்பா காசில் ஓய்வு. ஒன்றுக்குமே இல்லை என்றால், அது வெறும் காத்திருப்பு. காத்திருப்பவனுக்கு வயசு கூடும். பயிற்சி செய்கிறவனுக்கு மட்டும்தான் வித்தை கூடும்.

''மூணாவதுக்கு அம்மா இருக்காங்க மாமா'' என்றான். அக்காவே சிரித்துவிட்டாள். பையனுக்கு டைமிங் இருக்கிறது!

இன்னொன்றையும் சொன்னேன். நான் இதுவரை எழுதியதெல்லாம் ஜெயித்தவர்களின் கணக்கு. நஷ்டக் கணக்கை யாரும் பிரசுரிப்பதில்லை. இதே மாதிரி உழைத்து, இதே மாதிரி கற்று, கதவு திறக்காமலே போனவர்கள் இந்த ஊரில் ஏராளம். உழைத்தால் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று சொல்கிறவர் உங்களுக்கு ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் அவர்கள் வாழ்க்கை நஷ்டமா?

மயிலாப்பூரில் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பேங்க்கில் ஆபீஸராக இருந்து ரிட்டையரானவர். முப்பது வருஷத்துக்கு மேல் அமெச்சூர் நாடகங்களில் மாமனார், டாக்டர், இன்ஸ்பெக்டர் வேஷங்கள். சினிமா கூப்பிடவே இல்லை. சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அரங்கில் பாதி நாற்காலி காலி. அவருக்கு நாலே வசனம். மகள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். இவர் ஒன்றும் பேசாமல் அவளுடைய பையை எடுத்து, ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையில் கொடுக்கிறார். அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து அவரிடம், ''அந்தப் பை, டைரக்டர் சொன்னதா ஸார்?'' என்று கேட்டேன்.

''இல்லப்பா. முதல் நாள் ஜிப் நிஜமாவே திறந்திருந்தது. மூடினேன். ஜனங்க அமைதியாயிட்டாங்க. அப்படியே வெச்சுக்கிட்டேன்'' என்றார்.

எந்த லெட்ஜரில் இதை எழுதுவது என்று எனக்குப் பி.காம்-மில் சொல்லித் தரவில்லை. ஆனால், நிச்சயமாக நஷ்டத்தில் எழுத மாட்டேன்.